குமிழுக்குள் இவ்வளவு சங்கதியா! கியர் ராடின் உச்சியில் என்னென்ன ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிச் சீறிய பந்தயக் கார் அது. 12 சிலிண்டர், 4.5 லிட்டர் இன்ஜின். 1970இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே நிறுவனத்துக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியை வாங்கிக்கொடுத்த 917 ரகம். அதன் கியர் ராடின் உச்சியில் இருந்த குமிழ் எதனால் ஆனது தெரியுமா? மரத்தால்! அதுவும் பால்சா மரம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும், பொம்மை விமானம் செய்கிற மரம். வண்டியின் எடையை ஒவ்வொரு கிராமாகச் சுரண்டி எடுத்த பொறியாளர்கள், ஓட்டுநரின் உள்ளங்கைக்குள் மறைகிற குமிழைக்கூட விட்டுவைக்கவில்லை. முப்பது வருடங்களுக்குப் பிறகு, 2003இல் வந்த கரேரா ஜிடி என்ற சாலைக் காரிலும் அந்த 917இன் நினைவாக ஒரு மரக் குமிழையே வைத்தார்கள். கார்பன் இழையால் உடல் கட்டிய காரில், கை படுகிற இடத்தில் மரம்!

இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம், என் ஊர் களமருதூர். கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர்ப் பெயரிலேயே மருத மரம் நிற்கிறது. எங்கள் மாவட்டத்தின் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியுமா? கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்திருக்கிற கைகள் சாமி சிலை செதுக்கும், கதவு செதுக்கும். அந்தக் கைகளுக்கும் போர்ஷேயின் குமிழுக்கும் நடுவே என்ன தூரம் இருக்கிறது என்று பார்த்துவிடத் துணிந்தேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றும் வாயைப் பிளக்க வைத்தது.

முதலில் எடை. 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல எலுமிச்சம்பழ அளவு. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 65 கன சென்டிமீட்டர். பால்சாவில் கடைந்தால் சுமார் 10 கிராம். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் கூட! தேக்கில் கடைந்தால் 40 கிராமுக்குச் சற்று மேல். மருத மரத்தில் 50 கிராமுக்கு மேல் போகும். அலுமினியத்தில் 177 கிராம். டைட்டானியத்தில் 295. இரும்பில் 510ஐத் தாண்டும். பித்தளை என்றால் அரைக் கிலோவுக்கும் மேலே 50 கிராம். எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. ஆனால் கைக்குப் பத்து கிராமும் உண்டு, அரைக் கிலோவும் உண்டு.

இனிமேல்தான் விசேஷமே. எடையைக் குறைக்கத் துடித்த போர்ஷேக்காரர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் ஹோண்டா என்ன செய்தது தெரியுமா? 2020இல் சிவிக் டைப் ஆர் காரைப் புதுப்பித்தபோது, கண்ணீர்த் துளி வடிவக் குமிழுக்குள்ளே வேண்டுமென்றே 90 கிராம் எடைக்கட்டியை ஒளித்து வைத்தது! ஒருவர் எடையைப் பிடுங்குகிறார், இன்னொருவர் எடையைத் திணிக்கிறார். இரண்டு பேரும் உலகின் தலைசிறந்த கார்க்காரர்கள். யார் சொல்வது சரி?

இதற்கு விடை நம் வீட்டு முற்றத்தில் இருந்தது. உலக்கை! உலக்கையின் நுனிக்கு இரும்புப் பூண் போடுவது தேயாமல் இருக்க மட்டுமா? தூக்கிய உலக்கை தானாக இறங்கும்போது அந்தக் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். இடிக்கிறவர் வழிகாட்டினால் போதும். ‘கியர் நாப்’ என்கிறோமே, கனமான அந்தக் குமிழும் அதே கதைதான். கை ஒரு தள்ளு தள்ளினால், குமிழில் ஏறிய வேகம் ராடை இழுத்துக்கொண்டு போய்க் கியரில் உட்கார வைத்துவிடும். நடுவில் வருகிற சின்னத் தடங்கலைக் கை உணர்வதே இல்லை. ‘வெண்ணெய் மாதிரி விழுது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

அந்தச் சின்னத் தடங்கல் எது? அங்கேதான் நான் அசந்துபோனேன். கியர் போடும்போது உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று போய்க் கோத்துக்கொள்கின்றன என்றுதானே நினைத்திருந்தோம்? இல்லவே இல்லை! இன்றைய கார்களின் கியர்பாக்ஸில் முன்னோக்கிப் போகிற எல்லாக் கியர்களின் பற்களும் எந்நேரமும் கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் நியூட்ரலில் நின்று டீ குடிக்க இறங்கினாலும், இன்ஜின் ஓடுகிற வரை அவை கோத்தபடியே சுற்றும். நம் கை நகர்த்துவது ஒரு வளையத்தை மட்டும். அது சில மில்லிமீட்டர் நகர்ந்து, தண்டோடு எந்தச் சக்கரத்தைப் பூட்ட வேண்டுமோ அதைப் பூட்டுகிறது. அவ்வளவுதான் கியர் மாற்றுவது.

சுற்றுகிற சக்கரமும் சுற்றுகிற தண்டும் வேறு வேறு வேகத்தில் இருந்தால் பூட்டு விழாது, ‘கர்ர்ர்’ என்று கடிக்கும். அதற்குத்தான் நடுவே சின்க்ரோ ரிங். பெரும்பாலும் பித்தளை வகை உலோகம். கூம்பு போன்ற அதன் உட்பக்கம் சக்கரத்தோடு உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, பிறகே வழிவிடும். காரில் இதை முதன்முதலில் கொண்டுவந்தது காடிலாக், 1928இல். அந்த உரசலுக்கு ஒரு விநாடியின் சிறு பங்காவது அவகாசம் வேண்டும். கையில் படுகிற தடங்கல் அதுதான். அவசரக் கை அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. கனமான குமிழ், தள்ளிய வேகத்தைச் சேமித்து வைத்து அந்த நொடியை நிதானமாகக் கடக்கிறது. 917இலோ ஒவ்வொரு கிராமும் வேகத்துக்குக் கணக்கு. அதனால் அவர் சொல்வதும் சரி, இவர் சொல்வதும் சரி!

சின்க்ரோ இல்லாத காலத்து லாரி ஓட்டிய பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘டபுள் கிளட்ச்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்து, ஒரு படி கீழ்க் கியர். சின்க்ரோ ரிங் செய்கிற வேலையை அவர்கள் காதாலும் காலாலும் செய்தார்கள். உளுந்தூர்பேட்டைச் சாலையில் கரும்பு லோடோடு போன லாரிகளை நாள் முழுக்க, வாழ்நாள் முழுக்க அப்படி ஓட்டினார்கள்.

ரிவர்ஸில் போகும்போது மட்டும் கார் ‘ஙொய்ய்ய்’ என்று ஊளையிடுகிறதே, ஏன் தெரியுமா? மற்றக் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. பெரும்பாலான கார்களில் ரிவர்ஸுக்கு மட்டும் நேர்ப்பற்கள். சாய்ந்த பல் வழுக்கிக்கொண்டு சேரும், நேர்ப்பல் அறைந்துகொண்டு சேரும். அந்த அறைச்சலின் சத்தம்தான் ஊளை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மாமா பையன் சென்னையிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தான். ஐந்து கியர். ரப்பர் உரிந்துபோன நாப். அதை மாற்றித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்து, இணையத்தில் பளபளக்கிற அலுமினிய நாப் ஒன்றை வரவழைத்தேன். வந்தது. திருகினால் லொடலொடவென்று ஆடியது. புரி சேரவில்லை. விட்டேனா? தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை ராடில் சுற்றி, இறுக்கித் திருகி, ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறுகிறோம். ஒரு கொண்டை ஊசி வளைவு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தான். குமிழ் கையோடு வந்துவிட்டது! ராடு மூன்றிலேயே நிற்கிறது, இன்ஜின் திணறுகிறது, பின்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஹாரன் அடிக்கிறது. மொட்டை ராடைப் பிடித்து இழுத்து எப்படியோ இரண்டில் போட்டான். உள்ளங்கையில் புரி பதிந்து ரத்தம் கசிந்தது. நல்ல வேளை, இறக்கத்தில் நடக்கவில்லை. ஏறின கியரிலேயே இறங்கணும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வார்களே, அந்தக் கியரைப் போட முடியாமல் இறக்கத்தில் மாட்டியிருந்தால் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும். நினைத்தாலே இன்றைக்கும் உடம்பு பதறுகிறது.

அன்று கற்ற பாடத்தை அப்படியே தருகிறேன். கியர் ராடின் புரி எல்லாக் காருக்கும் ஒன்றல்ல, தெரியுமா? ஹோண்டா கார்களுக்கு வழக்கமாக 10 மில்லிமீட்டர் தடிமன், 1.5 மில்லிமீட்டர் புரி இடைவெளி. மாஸ்டா, நிசான், மிட்சுபிஷி என்றால் அதே 10, ஆனால் இடைவெளி 1.25. டொயோட்டாவும் சுபாருவும் 12 தடிமன், 1.25 இடைவெளி. கால் மில்லிமீட்டர் வித்தியாசம்! நாலு சுற்று திருகும்வரை சேர்ந்த மாதிரியே ஏமாற்றும், அப்புறம் இரண்டின் புரியையும் தின்றுவிடும். வாங்குவதற்கு முன் பழைய நாபைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏதாவது லேத் பட்டறைக்குப் போங்கள். புரி கேஜை வைத்து ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று. சில கார்களில் ரிவர்ஸ் போட ராடின் கழுத்தில் இருக்கும் வளையத்தை விரலால் தூக்க வேண்டும். அந்தக் காருக்குச் சாதா உருண்டையை மாட்டினால் வளையம் சரியாக உட்காராது, ரிவர்ஸே விழாமல் போகலாம். அதற்கென்று தனி அடாப்டர் உண்டு. நாப் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டிய சாமான் அது.

இப்போது ராடுக்கு வருவோம். ‘ஷார்ட் ஷிஃப்டர்’ என்று ஒன்றைப் பந்தயப் பிரியர்கள் உயிராக நேசிக்கிறார்களே, அது என்ன மாயம்? மாயமே இல்லை. அது நம் கிணற்று ஏற்றம்! ஏற்றத்தில் துலாவைத் தாங்குகிற கால் எங்கே நிற்கிறதோ, அதைப் பொறுத்துத்தானே சால் எவ்வளவு உயரும், ஏறி மிதிப்பவர் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதெல்லாம்? கியர் ராடும் அப்படித்தான். நடுவே ஒரு பந்து மூட்டு, அதுதான் தாங்கு கால். மேலே கை, கீழே கியர்பாக்ஸுக்குப் போகிற கம்பியோ கேபிளோ. மூட்டுக்கு மேலே இருக்கிற நீளம் கீழே இருக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கத்தை நீட்டி அதை மூன்று மடங்காக்கினால், கை நகர வேண்டிய தூரம் கால் பங்கு குறைந்துவிடும். கேட்கவே இனிக்கிறது! ஆனால் தள்ள வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஏற்றம் இறைத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தூரத்தில் மிச்சம் பிடித்தால் தோளில் கொடுத்தாக வேண்டும்.

ஷார்ட் ஷிஃப்டர் போட்டவர்கள் கூடவே கனமான நாப் மாட்டுவதன் ரகசியம் இதுதான். ராடு கேட்கிற கூடுதல் பலத்தைக் குமிழின் கனம் ஈடுகட்டுகிறது. அதே கணக்கில், உயரமான நாப் மாட்டினால் ராடு நீளும். 25 சென்டிமீட்டர் ராடின் மேல் 5 சென்டிமீட்டர் ஏறினால் கைத்தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், பலம் ஆறில் ஒரு பங்கு குறையும். குட்டை நாப் என்றால் நேர்மாறு. காசு செலவழித்து ஷிஃப்டர் மாற்றும் முன், நாபின் உயரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். இதை யாருமே செய்து பார்ப்பதில்லை என்பதில் எனக்கு நிஜமான வருத்தம்.

ஷிஃப்டர் தொழிற்சாலையிலேயே கச்சிதமாக அமைந்துவிட்ட காரும் உண்டு. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5! சின்ன, கூரை திறக்கிற, இரண்டு பேர் கார். அதில் கியர் மாற்றுவது மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்குவதுதான், தோள் அசையவே வேண்டாம். உலகம் முழுக்க அந்தக் காரை ஓட்டியவர்கள் இன்ஜினைப் பற்றிப் பேசுவதற்கு முன் கியர் ராடைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு சமாசாரத்தை உளுந்தூர்பேட்டையில் ஒரு மெக்கானிக் தம்பிதான் எனக்குக் காட்டினான். மலையில் நடந்த கூத்துக்குப் பிறகு காரை அவனிடம் விட்டிருந்தோம். உள்ளே உட்கார்ந்து, கியரில் போட்ட ராடை இரண்டு விரலால் இடமும் வலமும் ஆட்டினான். மோரில் மத்து ஆடுகிற மாதிரி ஆடியது.

“அண்ணே, மேல மினுக்கி என்ன பிரயோசனம்? கீழ புஷ்ஷு செத்துப்போச்சு.”

ராடின் அடியிலிருந்து ஒரு பொருளைப் பிதுக்கி எடுத்து என் கையில் வைத்தான். மோதிர அளவு நைலான் வளையம். மஞ்சளேறி, ஒரு பக்கம் காகிதமாகத் தேய்ந்து, வெடித்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துக் கிரீஸ் தடவி மாட்டினான். அரை மணி நேர வேலை. பிறகு ராடைப் பிடித்தால், ஐயோ, அது வேறு கார்! ஒவ்வொரு கியரும் ‘ணக், ணக்’ என்று தன் இடத்தில் போய் நிற்கிறது. கையில் ஓர் எச் எழுத்தை எழுதுகிற மாதிரி இருக்கிறது. எந்த நாபுக்கும் எந்த ஷிஃப்டருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இந்த வளையத்தைத்தான். விலை மிகவும் குறைவு, பலன் மிகவும் அதிகம். புஷ் தளர்ந்த காரில் அரைக் கிலோ நாபை ஏற்றினால், குண்டும் குழியுமான ரோட்டில் அந்தக் கனமே ராடை அலைக்கழிக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: முதலில் புஷ், பிறகு ராடு, கடைசியில் நாப்.

அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னான். ஓட்டும்போது கையை நாப் மேலேயே வைத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கையின் பாரம் ராடு வழியாக இறங்கி, உள்ளே பூட்டு வளையத்தை நகர்த்துகிற ஃபோர்க்கை, சுழலும் அந்த வளையத்தின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும், இரண்டும் தேயும். எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம்!

குமிழ்களின் உலகத்தில் இன்னும் என்னென்ன வேடிக்கை இருக்கிறது, மூச்சு விடாமல் சொல்கிறேன். 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரில் கியர் நாப் ஒரு கோல்ஃப் பந்து! யோசனை குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணியுடையது. பீங்கானில் ஓவியம் தீட்டப் பயின்றவர். கட்டம்போட்ட சீட்டுத் துணியும் அவர் கொடுத்ததே. ஃபோர்டு மஸ்டாங்கின் புல்லிட் பதிப்பில் பில்லியர்ட்ஸ் மேசையின் வெள்ளைப் பந்து மாதிரி ஒன்று. 1970இன் டாட்ஜ் சாலஞ்சரில் துப்பாக்கிப் பிடியைப் போன்ற கைப்பிடி. ஜப்பானிலோ, கண்ணாடி போன்ற பிசினுக்குள் பூ மிதக்கிற நீண்ட நாப்கள். அங்கே லாரிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வார்களாம். நம் நெடுஞ்சாலை லாரியில் ஏறிப் பாருங்கள், நமக்கும் அந்த ஆசை குறைச்சலே இல்லை! பூ உறைந்த குமிழ், ராடில் சுற்றிய குஞ்சம், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம். சேலம் சாலையில் ஒரு லாரி ஓட்டுநர் வண்டியைக் கிளப்பும்முன் கியர் நாபைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் கியர் எங்கே இருக்கிறது? இடப்பக்கம் மேலே, இல்லையா? ஆனால் சில ஸ்போர்ட்ஸ் கார்களில் இடப்பக்கம் கீழே! ஆரம்பகால போர்ஷே 911இலும், ஐரோப்பாவில் விற்ற முதல் பிஎம்டபிள்யூ எம்3இலும் அப்படி. பந்தயத்தில் முதல் கியர் கிளம்புவதற்கு மட்டும்தான். ஓயாமல் மாற்றுவது இரண்டும் மூன்றும். அந்த இரண்டையும் நேர்கோட்டில் வைத்துவிட்டு, முதல் கியரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நமக்கு இன்னொரு வேடிக்கை. எச் வடிவத்தை யாரும் நமக்காகத் திருப்பிப் போடவில்லை. அதனால் அமெரிக்கருக்கு முதல் கியர் தொடைப்பக்கம், நமக்கோ எட்டித் தள்ளுகிற பக்கம்.

நம் பழைய அம்பாசிடரில் கியர் ராடு தரையிலேயே இல்லை, ஸ்டீயரிங் தண்டில் இருந்தது, நினைவிருக்கிறதா? முன் சீட்டு ஒரே நீளமான பெஞ்ச். மூன்று பேர் ஜம்மென்று உட்காரலாம். அந்த ராடைத் தரைக்குக் கொண்டுவந்து, பெஞ்சை எடுத்துவிட்டுத் தனித்தனி பக்கெட் சீட் போடுவதுதான் ஒரு தலைமுறை இளைஞர்களின் ஸ்போர்ட்ஸ் கார் கனவு. சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் தயாரான புல்லட் மோட்டார் சைக்கிளில் கியர் நெடுங்காலம் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. நியூட்ரல் தேடித் தவிக்க வேண்டாம் என்று அதற்கு மட்டும் தனியாக ஒரு மிதி வைத்திருந்தார்கள்!

கியர் ராடு ஒரு மனிதனை எவ்வளவு சோதிக்கும் என்பதற்கு 1991 மார்ச் 24 சாட்சி. பிரேசிலில் சொந்த மண்ணில் ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா ஓட்டுகிறார். நாலாவது கியர் போயிற்று. ஒவ்வொன்றாக மற்றவையும் போய்க் கடைசியில் ஆறாவது கியர் மட்டும் மிச்சம். மெதுவான வளைவுகளையும் ஆறிலேயே இழுத்து இழுத்து, மூன்று விநாடிக்கும் குறைவான முன்னிலையில் ஜெயித்தார். காரிலிருந்து அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். கோப்பையைத் தூக்கக் கையில் தெம்பில்லை. அவருடைய அந்த மெக்லாரன்தான் ராடு வைத்த கியர்பாக்ஸோடு ஃபார்முலா 1 பட்டம் வென்ற கடைசிக் கார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1989இல், அதே பிரேசிலில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த ஃபெராரியை நைஜல் மான்செல் முதல் பந்தயத்திலேயே ஜெயிக்கவைத்திருந்தார்.

அதன் பிறகு ராடு பந்தயத்திலிருந்து ஒதுங்கியது. 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், கியர் மாற்றியதும் விரலால்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்த போர்ஷேயிலும் துடுப்புதான். ஆனால் நம்மவர்களின் பந்தயம் ராடில் தொடங்கியது என்பதை மறந்துவிடக்கூடாது. இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளமான சோழவரத்தில் ஓடிய கார்களை நினைத்துப் பாருங்கள். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கை பந்தயக் கார்கள், இருங்காட்டுக்கோட்டைத் தடம், அவர் பெயரில் 2003இல் கோவை செட்டிப்பாளையத்தில் எழுந்த கரி மோட்டார் ஸ்பீட்வே, எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஒழிந்துபோனது என்று நினைத்த ராடு திரும்பி வருகிறது, தெரியுமா? 2022இல் ஸ்வீடனின் கோனிக்செக் நிறுவனம் சிசி850 என்ற காரைக் காட்டியது. உள்ளே ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக். ஆசைப்பட்டால் அதையே கிளட்ச் மிதித்து, திறந்த உலோகச் சட்டத்துக்குள் ராடைத் தள்ளி, ஆறு கியர் மேனுவலாக ஓட்டலாம்! ஹூண்டாயின் ‘ஐயோனிக் 5 என்’ என்ற மின்சாரக் காரில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஆனால் கியர் மாறுகிற உதறலையும் சத்தத்தையும் கணினியால் பொய்யாக உண்டாக்கித் தருகிறார்கள். இல்லாத கியருக்கு இவ்வளவு ஏக்கம்!

அந்த ஏக்கம் எனக்குப் புரிந்தது ஒரு கடைசல் பட்டறையில். அலுமினிய நாப் மலையில் கழன்றது ஒரு குறை என்றால், சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த காரில் அதைத் தொடவே முடியாதது இன்னொரு குறை. அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் உலோகம் சுடும், மரம் சுடாது. அரிவாள் பிடிக்கும் தோசைக்கரண்டிப் பிடிக்கும் மரம் போட்ட நம் பாட்டன்மாருக்கு இது தெரிந்த சங்கதி. ஆகவே கள்ளக்குறிச்சிப் பக்கம் கடைசல் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன்.

பழைய நாபை உருட்டிப் பார்த்தார். “தம்பி, மரத்துல நேரா புரி போட்டா கொஞ்ச நாள்ல தேஞ்சிடும். உள்ள பித்தளைப் புரி வெக்கணும். கனம் வேணும்னியே, அதுவும் கெடச்ச மாதிரி ஆச்சு.”

அந்த ஒரு வார்த்தையில் போர்ஷேயும் ஹோண்டாவும் ஒரே உருண்டைக்குள் வந்து சேர்ந்தார்கள்!

மரம் தேர்ந்தெடுக்கும்போது அவர் எடுத்துப் போட்டது ஒரு வெளிர் மஞ்சள் கட்டை. “இது குமிழ மரம்” என்றார். எனக்குச் சிலிர்த்தது. குமிழ் என்றால் பிடி, குமிழ் என்றால் நீர்க்குமிழி, குமிழ் என்றால் மரம், குமிழ் என்றால் பெண்ணின் மூக்குக்கு நம் புலவர்கள் உவமை சொன்ன அந்தப் பூ. கியர் நாபுக்குத் தமிழில் குமிழ் என்று எழுதுகிறோமே, அதைக் குமிழ மரத்திலேயே கடையலாம்! ஆனால் அவரே தலையை ஆட்டினார். குமிழ் லேசு, கை வேர்வைக்குச் சீக்கிரம் கறுக்கும். கடைசியில் பூவரசு என்று முடிவாயிற்று.

கடைசல் சுழன்றது. உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறந்து அவர் முழங்கை மயிரில் ஒட்டியது. நாலு மூலைக் கட்டை முதலில் உருளையாயிற்று, பிறகு தோள் இறங்கியது, பிறகு வயிறு பிதுங்கியது. நிறுத்தி நிறுத்தி என் கையில் கொடுத்து, “புடிச்சுப் பாரு” என்றார். மூன்றாவது முறை பிடித்தபோது உள்ளங்கையின் குழியும் உருண்டையின் வளைவும் ஒட்டிக்கொண்டன. உப்புத்தாள், மெழுகு, துணி. காப்பிப்பொடி நிறத்தில் வரிகள் எழுந்தன. பித்தளைப் புரியை இறக்கினார். தராசில் வைத்தோம், நூறு கிராமுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

மேலே கியர் வரிசை வேண்டுமே. செதுக்குவது அவர் மருமகன். சாமி சிலைக்கு நகம் செதுக்குகிற மெல்லிய உளியை எடுத்து, “இங்கிலீஷ் நம்பரா அண்ணே, தமிழா?” என்று கேட்டான். கேட்டதே போதும் என்றிருந்தது. மேலே ௧, ௩, ௫. கீழே ௨, ௪, அதன் பக்கத்தில் பின்னால் போவதற்கு ஒரு ‘பி’.

ஆடி மாதச் சாரலில் மறுபடியும் வெள்ளிமலைக்கு ஏறினோம். அதே கொண்டை ஊசி. மாமா பையன் கிளட்சை மிதித்து, கட்டை விரலால் ௩-ஐத் தடவி, ௨-க்கு இழுத்தான்.